முன்பே கத்தி பட்ட மார்பில் நெறிக்கட்டி தேடுவோருக்கு

மார்பக அறுவைப் பயிற்சியில் சேர்ந்து முதல் ஆண்டைத் தாண்டிவிட்ட இளம் மருத்துவர்களுக்கு இதை எழுதுகிறேன். புதிதாகப் புற்று கண்ட பெண்ணுக்கு செண்டினல் நோட் எடுப்பது இப்போது உங்களுக்குக் கைவந்திருக்கும். சாயத்தைச் செலுத்தி, சில நிமிடம் தடவிவிட்டு, அக்குளில் சிறிதாகக் கீறினால் நிறம் ஏறிய நெறி கண்ணில் படுகிறது. ஆனால் மார்பைக் காத்து அறுவை செய்து, கரண்டும் வைத்து, சில வருடம் கழித்து அதே மார்பில் புற்று திரும்பி வந்த பெண்ணிடம் அந்தப் பழக்கத்தோடு போகாதீர்கள். அவர் உடம்பில் நிணநீர் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1. பழைய ஃபைலை நீங்களே படியுங்கள்.

நம்மூர்ப் பெண்கள் சிகிச்சைக் காகிதம் ஒன்றையும் தூக்கிப்போடுவதில்லை. மஞ்சள் பையிலோ ஜவுளிக்கடைக் கவரிலோ பல வருடத்து ரிப்போர்ட்டுகள் அத்தனையும் இருக்கும். அதை இன்னொருவரிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்காதீர்கள். முதல் தடவை அக்குளில் என்ன நடந்தது என்பதைத் தேடுங்கள். செண்டினல் நோட் மட்டும் எடுத்தார்களா, அக்குள் முழுவதையும் துப்புரவாக எடுத்தார்களா? கரண்ட் மார்போடு நின்றதா, காறை எலும்புக்கு மேலேயும் வைத்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்குள் அறுவை செய்யப்பட்டது’ என்று ஒரே வரி இருந்தால் அது போதாது. பேத்தாலஜி அறிக்கையில் எத்தனை நெறிகளை எண்ணினார்கள் என்று பாருங்கள். 2 அல்லது 3 என்றால் அக்குளின் வடிகால் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. 18, 20 என்றால் அது அறுந்துவிட்டது. இந்த ஒரு எண்ணிலேயே உங்கள் தேடல் பலிக்குமா என்பது பாதி தெரிந்துவிடும்.

பழைய பயாப்சி பிளாக்கையும் வரவழையுங்கள். வந்திருப்பது பழைய நோயேதானா, அதே மார்பில் முளைத்த புதிய நோயா என்பதற்கு அது உதவும். ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் முதல் தடவை இருந்தபடியே இருக்கும் என்று எண்ணாமல், புதிய கட்டியில் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்கேனுக்கு முன் கை, அதற்குப் பின் அல்ட்ராசவுண்ட், அதற்குப் பின் ஊசி.

இரண்டு அக்குளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு காறை எலும்புகளின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும், மார்பெலும்பின் ஓரமும் விட்டுப்போகக் கூடாது. நோய் வந்த பக்கத்து அக்குளை மட்டும் தொட்டுவிட்டு ‘நெறி இல்லை’ என்று எழுதுவதைப் பல இடங்களில் காண்கிறேன். திரும்பி வந்த நோயில் அந்த வாக்கியத்துக்குப் பாதி மதிப்புதான்.

அல்ட்ராசவுண்டில் நெறியின் புறப்பகுதி 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு மறைந்திருந்தாலோ அங்கே ஊசி போடுங்கள். ஊசியில் புற்று என்று வந்துவிட்டால் செண்டினல் நோட் தேட வேண்டிய வேலை இல்லை. மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தேடல்.

3. பெட்-சி.டி.யிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புற்று திரும்பி வந்த பெண்ணுக்கு எலும்பு, ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதற்குப் பெட்-சி.டி. நல்ல கருவி. ஆனால் ஒரு நெறிக்குள் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும் நோய் அதற்குத் தெரியாது. ஆகவே பெட்டில் அக்குள் தெளிவாக இருக்கிறது என்பதை நெறியில் நோய் இல்லை என்று படிக்கக் கூடாது.

மறுபுறம், அது ஒளிரக் காட்டுவதெல்லாம் புற்றும் இல்லை. நம் நாட்டில் காசநோய் நெறிகள் பெட்டில் பளிச்சென்று ஒளிரும். அண்மையில் தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளும் ஒளிரும். கோவிட் தடுப்பூசிக் காலத்தில் உலகம் முழுவதும் இதைக் கண்டோம். ஊசி போட்டுத் திசுவைப் பார்க்காமல், ஒளிர்ந்த ஒரு நெறியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை நான்காம் நிலை என்று முத்திரை குத்துவது பெரும் அநியாயம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

4. பாதை ஏன் மாறுகிறது என்பதை மனதில் நிறுத்துங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் சாப்பே என்ற உடற்கூறியலாளர் இறந்த உடல்களின் நிணக்குழல்களில் பாதரசத்தைச் செலுத்தி அவற்றின் வரைபடத்தை வகுத்தார். முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குக் கீழே இருக்கும் வலைப்பின்னலுக்கு இன்றும் அவர் பெயர்தான். மார்பின் நிணநீரில் மிகப் பெரும்பகுதி அக்குளுக்குப் போகிறது, கொஞ்சம் மார்பெலும்பின் பின்னால் உள்ள உட்சங்கிலிக்குப் போகிறது என்று நாம் படிப்பதெல்லாம் கத்தியும் கதிரும் படாத உடம்பைப் பற்றியது.

முதல் அறுவை குழல்களை வெட்டுகிறது. கரண்ட் அவற்றைச் சுற்றி நார்த்திசுவை வளர்க்கிறது. ஆனால் நிணநீர் சுரப்பது நிற்பதில்லை. மடை அடைபட்ட வாய்க்கால் கரையோரத்துப் பள்ளங்களில் இறங்கிப் பக்கத்து வயலுக்குப் பாய்வது போல, அது கிடைத்த வழியில் போகிறது. மறுபக்கத்து அக்குள், மார்பெலும்பின் பின்புறச் சங்கிலி, மார்புத் தசைகள் இரண்டுக்கும் இடைப்பட்ட நெறி, மார்புக்குள்ளேயே இருக்கும் சிறு நெறி, காறை எலும்பின் மேல்பகுதி என எங்கும் போகலாம். ஒரே பெண்ணிடம் இரண்டு திசையிலும் போகலாம்.

திரும்பி வந்த நோயில் செண்டினல் நோட் தேடலாமா என்ற கேள்வியே பழையதன்று. முன்பு மார்பகப் புற்று என்றாலே அக்குளைத் துப்புரவாக எடுத்துவிடுவார்கள். திரும்பி வந்தால் தேட அங்கே எதுவும் இருக்காது. அமெரிக்காவில் கிராக் 1993-ல் காமா புரோபைக் கொண்டும், ஜூலியானோ 1994-ல் நீலச் சாயத்தைக் கொண்டும் மார்பகப் புற்றில் செண்டினல் நோட் எடுத்ததை வெளியிட்ட பிறகுதான், அக்குள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் பெண்கள் உருவானார்கள். மிலானில் வெரோனேசி குழுவின் ஆய்வு 2003-ல் வந்த பின் அது உலக வழக்கமானது. அந்தப் பெண்களில் சிலருக்கு நோய் திரும்பும்போது மறுபடி செண்டினல் நோட் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது.

நெதர்லாந்து மருத்துவர்கள் 2013-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 692 பெண்கள். அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்கு மறுபடியும் செண்டினல் நோட் கிடைத்தது. முன்பு செண்டினல் நோட் மட்டும் எடுத்திருந்தவர்களில் 81 சதவீதம், அக்குளைத் துப்புரவாக எடுத்திருந்தவர்களில் 52 சதவீதம். நிணநீர் வழக்கமான பாதையை விட்டு விலகியது முதல் வகையினரில் 17 சதவீதம், இரண்டாம் வகையினரில் 69 சதவீதம். கிடைத்த நெறிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் நோய் இருந்தது. அப்படி நோய் இருந்தவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோரிடம் அது இருந்தது விலகிய பாதையில். பழைய அக்குளை மட்டும் திறந்து பார்த்திருந்தால் அந்த நோய் கைக்கு வந்திருக்காது.

5. கீறுமுன் படம்.

முதல் தடவை அறுவையில் லிம்போசிண்டிகிராம் படம் எடுக்காமலே போகலாம். தியேட்டரில் புரோபை வைத்தால் அக்குளில் சத்தம் கேட்கும். திரும்பி வந்த நோயில் படம் இல்லாமல் தியேட்டருக்குள் போகக் கூடாது. மறுபக்கத்து அக்குளைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தால் அந்தக் கையையும் சேர்த்துத் துணி போர்த்தித் தயார்செய்ய வேண்டும், அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். மயக்கம் கொடுத்த பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது.

டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகத் தேயும். அறுவை காலையில் என்றால் முந்தைய நாள் ஊசி போடுவது வசதி. அதற்கேற்ப அளவைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். அணுமருத்துவத் துறையில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசுவது போதாது. முதல் சில நோயாளிகளின்போது அங்கேயே போய் நில்லுங்கள். மறுபக்கத்தையும் கழுத்தையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கேமரா வழக்கம்போல ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், நீங்கள் தேடுவது படத்துக்கு வெளியே நின்றுவிடும்.

ஸ்பெக்ட்-சி.டி. வசதி இருந்தால் தட்டைப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். தட்டைப் படத்தில் ஒரு புள்ளி தெரியும். அது தசைக்கு முன்னா, பின்னா, மார்பெலும்பின் ஓரமா, மார்புக்குள்ளேயா என்று சொல்லாது. ஊசி போட்ட இடத்தின் ஒளியே பக்கத்தில் இருக்கும் சிறு நெறியை மறைத்தும் விடும். ஸ்பெக்ட்-சி.டி. அந்தப் புள்ளி எந்த விலா இடைவெளியில், எவ்வளவு ஆழத்தில் என்று காட்டிவிடும்.

6. ஊசி போடும் இடம் விடையை மாற்றும்.

கருவட்டத்தின் தோலில் போட்டால் அக்குள் பாதைதான் பெரும்பாலும் தெரியும். உட்சங்கிலிக்குப் போகும் ஆழமான பாதை தெரிய வேண்டுமானால் கட்டியைச் சுற்றி ஆழத்தில் போட வேண்டும். பழைய தழும்பின் கட்டியான நாரில் போட்டால் மருந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். முன்பே மார்பை முழுவதும் எடுத்து, இப்போது மார்புச் சுவர்த் தோலில் முடிச்சு வந்திருக்கும் பெண்ணுக்கு, அந்த முடிச்சைச் சுற்றித் தோலுக்குள் போடலாம். எங்கே, எத்தனை இடத்தில் போட்டோம் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள்.

7. பொறுங்கள்.

கரண்ட் பட்ட குழலில் மருந்து மெதுவாக நகரும். அரை மணி நேரப் படத்தில் ஒன்றும் இல்லை என்றால் தடவிவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். அப்போதும் இல்லை என்றால் இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு.

8. சாயங்களைப் பற்றி.

நம்மிடம் மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பது மெத்திலீன் நீலம். அதைச் செலுத்துமுன் அந்தப் பெண் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் தெரிந்தாக வேண்டும். டாமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு உடம்பு திகுதிகுவென்று எரியும் தொந்தரவுக்காக வென்லாஃபாக்சின் கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் இதே வகை மாத்திரைகள் உண்டு. இவற்றோடு மெத்திலீன் நீலம் சேர்ந்தால் மூளையில் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இதை எச்சரித்தது. முதல் முறை அறுவைக்கு வரும் பெண் இந்த மாத்திரையில் இருப்பது குறைவு. புற்று திரும்பி வந்த பெண் பல வருடம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ஆகையால் இந்தக் கேள்வி இங்கேதான் முக்கியம். ஜி6பிடி குறைபாடு இருந்தால் இரத்த அணுக்கள் சிதையும், அதையும் கேளுங்கள். கர்ப்பிணிக்கு வேண்டாம்.

மெத்திலீன் நீலத்தை நீர்க்கச் செய்யாமல் தோலுக்குள் போட்டால் தோல் கருகும். கரண்ட் பட்ட தோல் ஆறவும் ஆறாது. சாயம் போட்ட பிறகு விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் இறங்கியதாகப் பொய்யாகக் காட்டும், மயக்க மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இண்டோசயனின் கிரீன் அழகான சாயம். சிறப்புக் கேமராவில் தோலுக்கடியில் அது ஊர்ந்து போவதே தெரியும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டினால் அந்த ஒளி வெளியே வராது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஃப்ளூரெசின் சாயத்தையும் நீல விளக்கையும் மெத்திலீன் நீலத்தோடு சேர்த்து, செலவு குறைந்த வழி ஒன்றைக் காட்டினார்கள். காமா கேமரா இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவி என்று நான் மனதார நம்புகிறேன். மும்பை டாடா மெமோரியலில் வளர்ந்த இன்னொரு வழி, அக்குளின் கீழ்ப்பகுதியில் குறிப்பிட்ட நரம்புக்குக் கீழே இருக்கும் கொழுப்பையும் நெறிகளையும் சேர்த்தெடுப்பது. இவையெல்லாம் முதல் தடவை நோய்க்குப் பொருந்தும். திரும்பி வந்த நோயில் அக்குளையே தேடும் எந்த முறையும் மார்பெலும்புக்குப் பின்னால் போனதையோ மறுபக்கம் போனதையோ காட்டாது. உங்கள் ஊரில் அணுமருத்துவத் துறை இல்லையென்றால் அந்தப் பெண்ணை அது இருக்கும் ஊருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் பெரிய நட்டம் இல்லை.

9. புரோப் மெதுவாகப் பேசும்.

மிகவும் சூடான நெறியின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உள்ளவற்றை எடுங்கள் என்ற விதி உங்களுக்குத் தெரியும். இங்கே மிகவும் சூடான நெறியே பலவீனமாகத்தான் ஒலிக்கும். எண் சிறியது என்று ஒதுக்காதீர்கள். படத்தில் காட்டிய இடத்தில், சுற்றியுள்ள திசுவைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் அதுதான் நீங்கள் தேடி வந்த நெறி.

10. இதனால் என்ன மாறும் என்று டியூமர் போர்டில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மறுபடி செண்டினல் நோட் எடுப்பதால் பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று எந்த ஆய்வும் இதுவரை நிறுவவில்லை. நோயின் நிலையைச் சரியாக அறிவதும், அக்குளைத் தேவையின்றி மறுபடி துப்புரவாக எடுக்காமல் தவிர்ப்பதும்தான் இதன் பயன். இரண்டாவது பயனே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அக்குளைத் துப்புரவாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. செண்டினல் நோட் மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவரைச் சற்றே தாண்டும். வீங்கிய கையோடு மாவரைத்து, தண்ணீர் தூக்கி, வேலைக்கும் போகும் பெண்களைப் பார்த்தவர் எவரும் இதைச் சிறிய விஷயம் என்று சொல்லமாட்டார். திரும்பி வந்த நோய்க்கு மார்பை எடுக்கும்போது வழக்கம் என்ற பெயரில் மிச்ச அக்குளையும் சேர்த்து எடுப்பதை விட்டுவிடுங்கள்.

சில பெண்களுக்கு நெறியின் விடை எதையும் மாற்றாது. 2014-ல் வெளியான கேலர் ஆய்வில், அதே இடத்தில் திரும்பிய நோயை முழுவதும் அறுத்தெடுத்த பிறகு கீமோ கொடுத்தது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத நோய்க்கு நன்மை செய்தது. அத்தகைய பெண்ணுக்கு நெறியில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கீமோ பேசப்படும். 80 வயதில், இதய நோயோடு, ஹார்மோன் ஏற்பி உள்ள சிறு கட்டியோடு வரும் பாட்டிக்கு மாத்திரைதான் சிகிச்சை என்று முன்பே முடிவானால், இந்தத் தேடலை அவர்மேல் சுமத்தாதீர்கள். முதல் தடவை நோயிலேயே, சிறிய கட்டியும் அல்ட்ராசவுண்டில் தெளிவான அக்குளும் உள்ள பெண்களுக்கு செண்டினல் நோட் எடுக்காமல் விட்டாலும் நட்டமில்லை என்று 2023-ல் சவுண்ட் ஆய்வும் 2024-ல் இன்சீமா ஆய்வும் காட்டியிருக்கின்றன. அந்த முடிவுகளை அப்படியே திரும்பி வந்த நோய்க்குத் தூக்கிவைக்க முடியாது. ஆனாலும் ‘எடுத்தே ஆக வேண்டுமா’ என்று கேட்கும் பழக்கத்தை அவை நமக்குத் தந்திருக்கின்றன.

நெறியின் விடையால் கரண்ட் வைக்கும் இடம் மாறும், அல்லது கீமோ வேண்டுமா என்பது முடிவாகும் என்றால், அந்தப் பெண்ணுக்குத் தயங்காமல் செய்யுங்கள்.

11. மறுபக்கத்து அக்குளும் மார்பெலும்பின் பின்புறமும்.

இந்த இரண்டையும் பற்றித்தான் இளையவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள்.

மறுபக்கத்து அக்குளில் நோய் என்றால் நிலை வகைப்பாட்டின்படி அது தொலைபரவல், நான்காம் நிலை. ஆனால் படத்தில் மார்பிலிருந்து நிணநீர் நேராக அந்த அக்குளுக்குப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அங்கே இருக்கும் நோய் இரத்தத்தில் பரவியதா, திசை மாறிய வாய்க்காலில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நியாயம். இது இரண்டாவது வகை என்று பார்த்து, குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் செய்ய வேண்டும் என்று கருதும் மருத்துவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அவர்களோடுதான் நிற்கிறேன். அதற்கு முன் இரண்டைச் செய்யுங்கள். மறுபக்கத்து மார்பை மேமோகிராமிலும் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யிலும் பாருங்கள், அங்கேயே ஒரு புதிய கட்டி இருக்கலாம். உடம்பில் வேறெங்கும் நோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மார்பெலும்பின் பின்னால் ஒளிரும் நெறியை எடுப்பது வேறு கதை. விலாக்களுக்கு இடையே போய், நுரையீரல் உறையைக் கிழிக்காமல், பக்கத்து இரத்தக் குழாயைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். முதல் முறை ஒரு மூத்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது. அந்தப் பகுதிக்கு முன்பே கரண்ட் வைத்தார்களா, மறுபடி வைக்க இடமிருக்கிறதா என்று கதிர் சிகிச்சை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வைத்தியம் ஒன்றே என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

12. அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இவர் புதிதாக வந்தவர் அல்ல. அறுவை, கீமோ, கரண்ட், முடி கொட்டியது, வளர்ந்தது எல்லாம் கடந்து, இனி இல்லை என்று நம்பியவர். ‘அம்மா, போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் அக்குளைப் பார்க்கப் போறோம்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நோய் இல்லாத பக்கத்து அக்குளில் தழும்போடு கண் விழித்தால் அவர் என்ன நினைப்பார்? படத்தைக் காட்டி, எந்தப் பக்கம் திறக்கப் போகிறோம், ஏன் என்று சொல்லுங்கள். நெறி கிடைக்காமலும் போகலாம் என்பதையும் முன்பே சொல்லுங்கள். சாயத்தால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும் என்று சொல்ல மறந்தால் நடு இரவில் வார்டில் அழுதுகொண்டிருப்பார்.

13. தேடியும் கிடைக்காவிட்டால்.

படத்திலும் புரோபிலும் சாயத்திலும் எதுவும் இல்லை என்ற நிலை பலருக்கு நேரும். அப்போது கீறிய இடத்தில் நாரைக் கிளறிக்கொண்டே போகாதீர்கள். நார் சூழ்ந்த அக்குளில் இரத்த நாளமும் நரம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. கட்டியை எடுத்த வேலையை முடித்து மூடுங்கள். ‘நிணநீர்ப் பாதை தெரியவில்லை’ என்று அறுவைக் குறிப்பில் அப்படியே எழுதுங்கள், ‘நெறியில் நோய் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். முழு அக்குள் அறுவையா, கண்காணிப்பா என்பதை மறுபடி டியூமர் போர்டுக்குக் கொண்டுபோங்கள். முன்பு 18 நெறி எடுத்த அக்குளில் ஒன்றும் தெரியவில்லையென்றால் நான் பெரும்பாலும் கண்காணிப்பைத்தான் சொல்வேன். அந்தக் கண்காணிப்பில் ஒவ்வொரு வருகையிலும் இரண்டு அக்குளையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள், சந்தேகம் வந்தால் அன்றைக்கே அல்ட்ராசவுண்டுக்கு எழுதிக்கொடுங்கள்.